ஜட்ஜம்மாவும் ஒன்பதாயிரம் பேரும்

பெரிய ஹோட்டல்காரர்கள் சொந்தமாக நான்கு சலவை இயந்திரங்களை வாங்கி இறக்கிவிட்டார்கள் என்று தெரிந்த அன்று சலவைக் கடை மாஸ்டர் கடையின் கடைசி அறைக்குப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு வெள்ளைச் சட்டைக் கழுத்தில் இருந்த எண்ணெய்க் கறையை அரை மணி நேரம் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தார். மனசு சரியில்லை என்றால் அவர் அப்படித்தான். யார் மீதும் பாயமாட்டார். கறை மீது பாய்வார்.

அவர் மனைவிக்கு அப்படி உட்கார முடியவில்லை. அந்த ஹோட்டலின் மேசை விரிப்புகளும் படுக்கை விரிப்புகளும் இல்லாவிட்டால் கடையில் துணி மாட்டுகிற கம்பியில் பாதி காலி. மிச்சம் இருப்பது அக்கம்பக்கத்து நாலைந்து தெருக்காரர்களின் கோட்டும் திரைச்சீலையும்தான். இன்னும் ஆட்கள் வரவேண்டும். வரவேண்டுமென்றால், இப்படி ஒரு கடை இருப்பது முதலில் அவர்களுக்குத் தெரியவேண்டும்.

அவள் பதினொரு வருடம் ஒரு தொலைபேசிக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு எழுபது பேரிடம் திட்டு வாங்கி, அந்த எழுபது பேரையும் கடைசியில் "சரிம்மா, தேங்க்ஸ்" என்று சொல்லவைத்து அனுப்பியவள். கழுத்து வலி வந்து வேலையை விட்டபின் மூன்று வருடமாகக் கடையின் கவுன்ட்டர் அவள் பொறுப்பு. இன்னமும் யாராவது உள்ளே வந்தால் வாய் தானாக "ஹலோ, சொல்லுங்க" என்றுதான் சொல்லும். எதிரிலேயே நிற்கிற ஆளுக்கு எதற்கு ஹலோ என்று இஸ்திரி போடுகிற இரண்டு பெண்களும் சிரிப்பார்கள்.

அவள் கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். அதற்கு முன் பக்கம் நடத்துவது எப்படி என்று போனிலேயே ஒரு வகுப்பும் பார்த்தாள். வகுப்பு எடுத்தவர் சொன்னபடி தினமும் காலையில் ஒரு படம், முப்பது விநாடிக்கு மேல் போகாமல் ஒரு வீடியோ, கீழே பத்துப் பதினைந்து ஹேஷ்டேக். நீலப் பின்னணியில் ஒரு பூ, அதன் மேல் "தூய்மையே எங்கள் அடையாளம்". மறுநாள் மஞ்சள் பின்னணி, வேறொரு பூ, "உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி".

மூன்று வாரத்தில் அறுபத்தோரு பேர் சேர்ந்தார்கள். அதில் ஐம்பத்திரண்டு பேர் சொந்தக்காரர்கள். இரண்டு பேர் இஸ்திரிப் பெண்கள். மிச்ச ஆட்களில் ஒருவர் கூடாரம் விற்கிறவர், தன் கூடாரத்தை வாங்கச் சொல்லி ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதினார். சொந்தக்காரர்கள் எல்லாப் படத்துக்கும் "சூப்பர்" போட்டார்கள். ஒரு சித்தப்பா, கடை ஒரு நாள் விடுமுறை என்று போட்டதற்கும் "சூப்பர்" போட்டார்.

"இந்த சித்தப்பா துணியாவது நம்மகிட்ட போடுறாரா?" என்று கேட்டாள்.

"அவர் துணி துவைக்கிறதே அபூர்வம்" என்றார் மாஸ்டர்.

அன்று மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. புகார்ப் பிரிவில் இருந்த பதினொரு வருடத்தில் யாருமே அவள் பேசுவதைக் கேட்பதற்காகப் போன் செய்ததில்லை. தாங்கள் பேசுவதற்காகத்தான் செய்தார்கள். இங்கே அவள் பாட்டுக்குத் தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டிருக்கிறாள். யார் நின்று கேட்பார்கள்?

கையைத் துடைத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போனாள். மேசையில் ஒரு வெள்ளைச் சட்டை கிடந்தது. அதன் பையில் பழுப்பாக, விரல் நீளத்துக்கு ஒரு கறை. போனில் படம் எடுத்து, பூ எதுவும் வைக்காமல் அப்படியே போட்டாள். கீழே ஒரே வரி: "இது என்ன கறை? சொல்லுங்க பார்ப்போம்."

சாயங்காலத்துக்குள் முப்பது பேர் எழுதிவிட்டார்கள். டீ, காபி, சோயா, ஷூ பாலிஷ், சாக்லேட். கூடாரம் விற்பவர்கூடக் கூடாரத்தை மறந்து "புகையிலையா?" என்று கேட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே நீளமாக ஒன்று:

"டீயும் இல்ல, காபியும் இல்ல. இது துரு. ஈரச் சட்டைப் பையில சாவியைப் போட்டு அப்படியே விட்ட சோம்பேறி யாரோ. எங்க தம்பியும் சின்ன வயசுல இப்படித்தான். இப்ப பெரிய ஆளாயிட்டான், அக்கா போன் பண்ணா எடுக்கிறதுகூட இல்ல. கண்ணுங்களா, நீங்களாவது உங்க அக்காகிட்ட பேசுங்க."

எழுதியவர் மாஸ்டரின் அக்கா.

அவருக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்ததே மாஸ்டர்தான், எட்டு வயதில். வீட்டில் யார் யாரோடு சண்டை போட்டாலும் அக்கா நடுவில் வந்து நின்று இரண்டு தரப்பையும் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுவார். கல்யாணமாகி மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊருக்குப் போன பிறகும் அந்தப் பதவி அவரிடமே இருந்தது. இருவரும் அப்பாவின் சலவைக் கடையில் வளர்ந்தவர்கள். கறையைப் பற்றி இருவருக்கும் தெரியும், மற்றவருக்குத் தெரியாது என்ற எண்ணமும் இருவருக்கும் உண்டு. எட்டு மாதத்துக்கு முன் கடைக்கு வந்திருந்தபோது, வாடிக்கையாளர் ஒருவர் எதிரிலேயே, "ஏண்டா, ஊற வைக்காம இப்படித் தேய்ச்சா கறை போகுமா, துணிதான் போகும்" என்று சொல்லிவிட்டார். மாஸ்டர், "இது என் கடை. இங்க வந்து தீர்ப்பு சொல்ற வேலை வேணாம்" என்றார். ஜட்ஜம்மா பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

மாஸ்டர் மனைவியின் போனை வாங்கி அந்தக் கமெண்டை இரண்டு முறை படித்தார். காது சிவந்துவிட்டது.

"ஊர் சிரிக்கணும்னே எழுதியிருக்கா. அழி அதை."

"கறை துருதானேங்க? சரியாத்தானே சொல்லியிருக்காங்க."

"சரியா சொன்னா என்ன? அழி."

அழித்தாள். மறுநாள் திரைச்சீலை ஒன்றின் படம். அதன் கீழே ஜட்ஜம்மா: "நேத்து நான் எழுதினதைக் காணோமே. என் கண்ணுல கோளாறா, கடையில கோளாறா?" அதையும் அழித்தாள். மூன்றாம் நாள்: "அழிச்சா அழிச்சுக்கோங்க. கறையை அழிக்கத்தான் தெரியல." அதை அழிக்கும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான்காம் நாள் ஜட்ஜம்மாவிடமிருந்து எதுவும் இல்லை. ஐந்தாம் நாளும் இல்லை. ஆனால் வேறு ஒன்று நடந்திருந்தது. அந்த மூன்று நாளில் பக்கத்துக்கு நானூறு பேர் சேர்ந்திருந்தார்கள். படத்தின் கீழே கறையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. "அந்த அக்கா எங்க?" என்றது ஒன்று. "தம்பி போன் எடுத்தாரா இல்லையா?" என்றது இன்னொன்று. "நான் அன்னைக்கே எங்க அக்காவுக்குப் போன் பண்ணேன், ரெண்டு வருஷம் கழிச்சு" என்று ஒருவர் எழுதியிருந்தார். 

அதைப் படித்துவிட்டு அவள் நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"சொல்லு" என்றார் ஜட்ஜம்மா. குரல் விறைப்பாக இருந்தது.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். உங்க கடை, உங்க பக்கம். அழிக்கிறது உங்க உரிமை. நான் யாரு கேக்க?"

"அழிச்சது என் தப்புதான் அண்ணி. உங்களை நானூறு பேர் தேடுறாங்க."

"எத்தனை பேரு?"

"நானூத்திப் பன்னெண்டு."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடுகிற ஓசை கேட்டது.

"யாரு யாரு? பேரைப் படி பார்ப்போம்."

கால் மணி நேரம் படித்தாள். சில பேர்களுக்கு ஜட்ஜம்மா "உம்" என்றார், சிலதுக்கு "அது என்ன பேரு?" என்றார். முடிவில், "அவன் என்ன சொல்றான்?" என்று கேட்டார்.

"அவரு ஒண்ணும் சொல்லல. நான்தான் கூப்பிடுறேன்."

"அப்ப சரி" என்றார் ஜட்ஜம்மா. "நீ கூப்பிட்டேன்னு வர்றேன். அவனுக்காக இல்ல."

இப்படித்தான் பக்கம் வளர ஆரம்பித்தது. காலையில் அவள் ஒரு கறையைப் போடுவாள். மத்தியானம்வரை ஆட்கள் ஊகம் சொல்வார்கள், சண்டை போடுவார்கள். சரியாக மூன்று மணிக்கு ஜட்ஜம்மா தீர்ப்பு எழுதுவார். தீர்ப்பில் கறையின் பெயர் ஒரு வரி. கறை பட்டவரின் குணம் பற்றி நாலு வரி. "இது லிப்ஸ்டிக். காலர்ல இருக்கிறதால பதற வேணாம், தானே போட்டுக்கிட்டு தானே சட்டையைத் தலைவழியாக் கழட்டியிருக்கா பொண்ணு. கண்ணாடி பார்த்துக் கழட்டு கண்ணு." ஆட்கள் தங்கள் சொந்தக் கறைகளைப் படமெடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். "ஜட்ஜம்மா, இதுக்கு என்ன தீர்ப்பு?" என்பது அந்தப் பக்கத்தின் வாடிக்கைப் பேச்சாகிவிட்டது. அவள் எல்லாருக்கும் பதில் எழுதினாள். ஒருவரையும் விடவில்லை. புகார்ப் பிரிவின் பழக்கம்.

மாஸ்டர் இதையெல்லாம் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தார். ஆனால் மூன்று மணி ஆனால் ஏதாவது ஒரு சாக்கில் முன்னறைக்கு வருவார். ஹேங்கரைத் தேடுவார். பெயர்ச்சீட்டை எண்ணுவார்.

"என்ன எழுதியிருக்கா?"

"மிளகாய் சாஸாம்."

"மண்ணாங்கட்டி. ஓரத்துல மஞ்சள் வளையம் இருக்கு பாரு. எண்ணெய் கலந்த குழம்பு. சொல்லு அவகிட்ட."

"நீங்களே சொல்லுங்களேன்."

"நான் எதுக்கு சொல்றேன்? நீ எழுது. கடை சார்புல எழுது."

கடை சார்பில் எழுதுவாள். ஜட்ஜம்மா அதற்குப் பதில் எழுதுவார்: "கடைக்குச் சொல்லுங்க, சாஸ்லயும் எண்ணெய் இருக்கும்னு." எட்டு மாதம் பேசாத அக்காவும் தம்பியும் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் ஒரு சட்டைக் கறையை நடுவில் வைத்துப் பேசிக்கொண்டார்கள். நான்கு மாதத்தில் பக்கத்தில் ஒன்பதாயிரம் பேர்.

கம்பியில் மட்டும் பெரிதாக மாற்றமில்லை. ஒன்பதாயிரம் பேரில் முக்கால்வாசிப் பேர் வேறு வேறு ஊர்களில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கோட்டைக் கொண்டுவந்து கொடுக்க முடியாது. எனவே அவள் வாரத்துக்கு ஒரு நாள் உள்ளூர்க்காரர்களை மட்டும் கூப்பிட்டு, "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஒரே கட்டடத்தில் ஐந்து பேர் இருந்தால் அங்கே வாசலில் ஒரு கூடை வைத்து, வாரம் ஒருமுறை போய் எடுத்து வந்தாள். மெல்ல மெல்லக் கம்பியில் இடைவெளி குறைந்தது. இன்னும் நிறைய இடம் இருந்தது.

அப்போதுதான் அந்தக் கோட்டு வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் பக்கத்தைத் திறந்தாள். பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் படம் போட்டிருந்தார். வெள்ளைக் கம்பளிக் கோட்டு. நெஞ்சில், வலப்பக்கம், உள்ளங்கை அளவுக்கு மஞ்சளாக ஒரு திட்டு. "திராட்சை ஜூஸ் கொட்டிடுச்சுன்னு கேட்டேன். ப்ளீச் ரெண்டு மூடி தண்ணியில கலந்து ஒத்தி எடுன்னு உங்க ஜட்ஜம்மா தீர்ப்பு சொன்னாங்க. ஜூஸ் போச்சு. கோட்டும் போச்சு. சனிக்கிழமை நிகழ்ச்சிக்குப் போட வெச்சிருந்தேன்."

அவள் பின்னோக்கிப் போய்ப் பார்த்தாள். உண்மைதான். முந்தின நாள் ஜட்ஜம்மா நாற்பது பேருக்குப் பதில் எழுதியிருக்கிறார். வெள்ளைத் துணி என்றதும் பருத்தி என்று நினைத்துவிட்டார். என்ன துணி என்று கேட்கவில்லை. பருத்திக்கு அந்த வைத்தியம் சரி. கம்பளியில் ப்ளீச் பட்டால் மஞ்சளாகும், விறைக்கும், இழை நைந்துபோகும்.

கீழே நூற்றுக்கணக்கில் கமெண்டுகள். நேற்றுவரை கண்ணு, அக்கா என்று கொஞ்சியவர்கள் இன்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். "தெரியாத வேலையை ஏன் செய்யணும்?" "வாய் மட்டும்தான் போல." பக்கத்திலிருந்து ஆட்கள் விலகும் எண்ணிக்கை கண்முன்னே கூடிக்கொண்டே போனது.

போனை எடுத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போனாள். மாஸ்டரிடம் நீட்டினாள். இன்றைக்கு இருக்கிறது என்று எதிர்பார்த்து நின்றாள். நான் அப்பவே சொன்னேன் என்பார், உன்னால்தான் என்பார், இழுத்து மூடு என்பார்.

மாஸ்டர் முழுதும் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அக்கா இதைப் பார்த்தாளா?"

"தெரியலங்க."

"பார்த்திருந்தா அழுதுக்கிட்டு உக்காந்திருப்பா. அவளுக்கு வாய்தான் பெரிசு."

தன் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு வருடமாக அவர் அழுத்தாத எண்ணை மனப்பாடமாக அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் ஜட்ஜம்மா.

"அக்கா" என்றார் மாஸ்டர்.

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. அவள் கதவோரம் நின்றுகொண்டாள்.

"அழாதக்கா. கம்பளின்னு அந்தம்மாவும் சொல்லல, நீயும் கேக்கல. நானும் ஒரு தடவை செஞ்சிருக்கேன். ஆமா, நான்தான். அப்பாகிட்ட சொல்லாம ஒளிச்சு வெச்சேனே அந்த ஸ்வெட்டர்... உனக்குத் தெரியுமா? எப்ப தெரியும்?" ஒரு கணம் அவர் முகம் மாறியது. "சரி விடு. நீ ஒண்ணும் எழுத வேணாம். கோட்டை நான் பார்த்துக்கறேன்... வர்றியா?... வா."

போனை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? கோட்டை வரவழை."

டீச்சரின் பதிவை மறைத்துவிட ஒரு பொத்தான் போதும். விரல் அதன் மேல்தான் இருந்தது. ஆனால் அழித்ததால் என்ன வந்தது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பதிவை எல்லாருக்கும் தெரியும்படி மேலே ஏற்றி வைத்து, கீழே எழுதினாள்: "தப்பு எங்களோடது. என்ன துணின்னு கேக்காம வைத்தியம் சொன்னோம். டீச்சர், கோட்டை நாங்களே வந்து வாங்கிக்கறோம். பழையபடி வெள்ளையா ஆகாது, அதை இப்பவே சொல்லிடறோம். போட்டுக்கிற மாதிரி ஆக்கித் தர முயற்சி பண்றோம். கம்பளியில ப்ளீச் போடாதீங்க, யாரும்."

டீச்சரே கோட்டைக் கொண்டுவந்தார். ஒல்லியான, வேகமாகப் பேசுகிற பெண்மணி. கோபத்தை வரும் வழியிலேயே பாதி செலவழித்துவிட்டார் போலிருந்தது. மாஸ்டர் கோட்டை மேசையில் விரித்து, திட்டை விரலால் நீவிப் பார்த்தார்.

"வெள்ளை திரும்பாதும்மா. சாயம் ஏத்தலாம். கருநீலம் சம்மதமா?"

"பிள்ளைங்களைப் பார்த்து நின்னு பாட்டு நடத்துறப்ப சனங்களுக்கு என் முதுகுதான் தெரியும்" என்றார் டீச்சர். "ஆனா முப்பத்திரண்டு பிள்ளைங்க முன்பக்கத்தையே பாத்துக்கிட்டு நிக்கும். அதுங்களுக்குத் திட்டு தெரிஞ்சா பாட்டை விட்டுட்டு அதையே எண்ணிக்கிட்டு நிக்கும். நீலம்னாலும் சரி, பச்சைன்னாலும் சரி."

"செய்யறதை வீடியோ எடுத்துப் போடலாமா?" என்று அவள் கேட்டாள். "நல்லா வந்தாலும் போடுவோம், வராட்டியும் போடுவோம்."

டீச்சர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "போடுங்க."

புதன்கிழமை காலை ஜட்ஜம்மா வந்து இறங்கினார். கையில் ஊசிநூல் டப்பா, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. கடைவாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டார். கேட்டது தம்பியிடம்.

"வா, வந்து பொத்தானைப் பிரி" என்றார் மாஸ்டர்.

அவ்வளவுதான். எட்டு மாதமாகி, பிறகும் நாலு மாதமாகி, ஒரு வருடச் சண்டை அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. அவள் போனை ஹேங்கர் பெட்டியின் மேல் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டாள்.

முதலில் ஜட்ஜம்மா போனைப் பார்த்து நின்றார். எழுதி வைத்து எதுவும் படிக்கவில்லை. "தீர்ப்பு சொன்னது நான்தான். தப்பான தீர்ப்பு. டீச்சர் மன்னிக்கணும். அவசரப்பட்டுட்டேன். நாப்பது பேர் கேட்டாங்களா, தலைகால் புரியல எனக்கு." சொல்லிவிட்டு உட்கார்ந்து பொத்தான்களைப் பிரிக்க ஆரம்பித்தார்.

மாஸ்டர் கோட்டில் மிச்சமிருந்த ப்ளீச்சின் வீரியத்தை முறித்தார். பெரிய பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் சாயத்தைக் கரைத்தார். கோட்டை இறக்கி, சூட்டை மெல்ல மெல்ல ஏற்றினார். திடீரென்று சூடேறினால் கம்பளி சுருங்கிப் பொம்மைக் கோட்டாகிவிடும்.

"அடிபட்ட இடம் சாயத்தை அவசரமாக் குடிக்கும் அக்கா. மத்த இடத்தைவிட அதுதான் கறுக்கும் பாரு."

"அப்ப அந்த இடத்துல ஒரு பை வெச்சுத் தைச்சுடலாம்."

"நெஞ்சுல யாராவது வலப்பக்கம் பை வைப்பாங்களா?"

"ஏன், பேனா வெக்கிற பை வெச்சா போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போகுமா?"

"துணிக்கு எங்க போவ?"

"அடிமடிப்புல மூணு விரல் துணி இருக்குடா. பிரிச்சு வெச்சிருக்கேன், அந்தத் துண்டும் இப்ப அந்தப் பாத்திரத்துலதான் கிடக்கு. நீ கவனிக்கல."

மாஸ்டர் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். கிடந்தது. அதையும் சேர்த்துக் கிளறினார்.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. கோட்டைத் தைத்திருந்த நூலும், உள்ளே கொடுத்திருந்த வழவழப்பான துணியும் சாயத்தைப் பிடிக்கவே இல்லை. கருநீலக் கம்பளியின் ஓரமெல்லாம் வெள்ளைத் தையல் பளிச்சென்று ஓடியது. மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. "இதை யோசிக்காம விட்டுட்டேனே. கம்பளிச் சாயம் நைலான் நூலைப் பிடிக்கும், இது வேற நூலு." இஸ்திரிப் பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்து, "ஐயோ, அழகா இருக்கே! வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். ஜட்ஜம்மா கோட்டைத் தூக்கிப் பிடித்து, திருப்பி, மறுபடி திருப்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, "டீச்சர் வந்து சொல்லட்டும்" என்றார். அவர் தீர்ப்புச் சொல்லாமல் விட்டதை அன்றுதான் அவள் பார்த்தாள்.

புதிய பையையும் வெள்ளை நூலாலேயே தைத்தார் ஜட்ஜம்மா. கறுத்த திட்டு அதன் அடியில் போய்விட்டது. வெயிலில் கொண்டுபோய் உற்றுப் பார்த்தால் பையின் ஓரத்தில் ஒரு நூல் அகலத்துக்கு நிழல் மாதிரி தெரிந்தது. அதையும் வீடியோவில் காட்டினாள்.

முழுக்க எடுத்தது இரண்டு நாள் வேலை. வெட்டிக் குறைத்தும் பதினான்கு நிமிடம் வந்தது. முப்பது விநாடி வகுப்பு எடுத்தவர் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார். இதற்கு மேல் வெட்ட அவளுக்கு மனசு வரவில்லை. அக்காவும் தம்பியும் பொத்தானுக்கும் பைக்கும் சூட்டுக்கும் மாற்றி மாற்றி முறைத்துக்கொள்வது எல்லாம் அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை டீச்சர் வந்து கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் கைகளை உயர்த்தி, இல்லாத பிள்ளைகளைப் பாடவைப்பது போல அசைத்துப் பார்த்தார். "இது வேற கோட்டு" என்றார். "என் பழைய கோட்டு போனதுல எனக்கு வருத்தம்தான். ஆனா இதுவும் பிடிச்சிருக்கு." அதோடு வீடியோ முடிந்தது.

ஆட்கள் கடைசிவரை பார்த்தார்கள். விலகிப்போனவர்கள் எல்லாரும் திரும்பவில்லை. சிலருக்கு ஜட்ஜம்மா மீது கோபம் தீரவே இல்லை. ஆனால் உள்ளூர்க்காரர்கள் வந்தார்கள். அதுதான் அவளுக்கு ஆச்சரியம். தப்புச் செய்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் துணியைக் கொண்டுவந்தார்கள். திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போது வாசலில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெரியவர் கவுன்ட்டரில் சாம்பல் நிறக் கோட்டு ஒன்றை வைத்தார்.

"ஹலோ, சொல்லுங்க" என்றாள்.

"எல்லாக் கடையிலயும் நல்லா பண்ணுவோம்னுதான் சொல்றாங்க. தப்பாப் போனா என்ன பண்ணுவீங்கன்னு உங்களைத்தான் பார்த்தேன்" என்றார். "இது என் வீட்டம்மா வாங்கிக் கொடுத்தது. பார்த்துச் செய்யுங்க."

ஜட்ஜம்மா இப்போது வியாழக்கிழமைகளில் வருகிறார். முன்னறையில் கம்பியின் கீழே அவருக்கென்று ஒரு முக்காலி. தீர்ப்பு எழுதுவதை விடவில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் முதலில் "என்ன துணி கண்ணு? உள்ள தைச்சிருக்கிற சீட்டைப் படமெடுத்து அனுப்பு" என்று எழுதிவிட்டுத்தான் மேற்கொண்டு எழுதுகிறார். சந்தேகமாக இருந்தால் முக்காலியில் உட்கார்ந்தபடியே கடைசி அறைக்குக் குரல் கொடுப்பார். அங்கிருந்து பதில் வரும். அந்தப் பதில் தப்பு என்று இவர் சொல்வார். இருவரும் எழுந்து நடு அறையில் சந்திப்பார்கள். இஸ்திரிப் பெண்கள் இஸ்திரிப் பெட்டியின் ஆவியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

பக்கத்தில் இப்போது எத்தனை பேர் என்று அவள் தினமும் பார்ப்பதில்லை. யார் எந்தத் தெரு, யாருடைய கூடை நிரம்பியிருக்கிறது என்பதுதான் அவள் நோட்டில் இருக்கிறது. கம்பியில் துணியைத் தள்ளித்தான் இன்னொன்றை மாட்டவேண்டியிருக்கிறது.

போன வியாழக்கிழமை பாட்டு டீச்சர் ஒரு வண்டியில் வந்தார். முப்பத்திரண்டு பிள்ளைகளின் மேடை அங்கிகள். அதில் பெயின்ட், பசை, சாக்லேட், இன்னும் பெயர் தெரியாத என்னென்னவோ. அக்காவும் தம்பியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் பெயர்ச்சீட்டு எழுதி எழுதிக் கொடுத்தாள். நடுவில் ரொட்டியும் டீயும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். மூன்று மணி ஆனது யாருக்கும் தெரியவில்லை. தீர்ப்பு எங்கே என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்கு ஒருவருக்கும் பதில் போகவில்லை.